கிராம சபைக்கு முந்தைய ஆறு வாரங்கள்: ஊர் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். இளைஞர் மன்றம், நற்பணி மன்றம், நூலக வாசகர் வட்டம், கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஏதோ ஒரு பெயரில் கூடி, சொந்த ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைக்கும் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த மடல். எழுதும் நாங்கள் ஊராட்சிக் கோப்புகளோடும் கிராம சபைப் பயிற்சிகளோடும் நெடுநாள் பழகியவர்கள்.

உங்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. மனு எழுதுகிறீர்கள், கலெக்டர் ஆபீஸ் வரை போகிறீர்கள், வீடியோ எடுத்துப் போடுகிறீர்கள். ஆனாலும் பெரும்பாலான கோரிக்கைகள் ‘ஆவன செய்யப்படும்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. அலட்சியம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நீங்கள் கேட்பது எந்த அலுவலகத்தின் வேலை, அதற்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வர வேண்டும், அந்தப் பணம் எந்த மாதத்தில் முடிவாகிறது என்பது கோரிக்கையில் இல்லாவிட்டால், நல்ல மனமுள்ள அதிகாரிகூட அந்தக் காகிதத்தை அடுத்த மேசைக்கு அனுப்பத்தான் முடியும். கிராம சபை நடக்கும் இரண்டு மணி நேரத்தில் எதுவும் தீர்ந்துவிடாது. அதற்கு முந்தைய ஆறு வாரங்களிலும் பிந்தைய இரண்டு மாதங்களிலும்தான் உண்மையான வேலை இருக்கிறது.

முதல் வேலை, பட்டியலில் பெயர். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 3-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. யாரும் உங்களை ‘அழைக்க’ வேண்டியதில்லை. ‘சின்னப் பசங்களுக்கு இங்க என்ன வேலை’ என்ற பேச்சுக்கு அந்தப் பட்டியலே பதில். 17 வயது முடிந்தவுடன், பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பமான படிவம் 6 கொடுத்து வைக்கலாம். இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் உள்ளன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. இவற்றில் எந்தத் தேதிக்குள் 18 நிறைகிறதோ, அந்தச் சுற்றில் பெயர் ஏறும். கோவையிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் பெயரை அங்கே மாற்றிக்கொண்டால், சொந்த ஊர் கிராம சபையில் உங்களுக்கு இடமில்லை. எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை பழைய நான்கு. மார்ச் 22 உலக தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் 2022-இல் சேர்ந்தவை. பழைய நான்கும் அரசு விடுமுறை என்பதால் படிப்பவர்கள் ஊருக்கு வந்துவிடலாம். புதிய இரண்டும் அப்படியல்ல. ஆனால் நவம்பர் 1 திட்டமிடல் காலத்துக்குள் வருகிற கூட்டம், அதைத் தவறவிடக் கூடாது.

ஆறு கூட்டங்களுக்கும் ஒரே பயன் என்று நினைக்க வேண்டாம். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் இயக்கம் அக்டோபர் 2-ஐ ஒட்டித் தொடங்குகிறது. புதுக் குழாய் வரிசை, வடிகால், சிமெண்ட் சாலை போல் பணம் பிடிக்கிற எதுவும் அந்தத் திட்டத்தில் ஒரு வரியாக ஏற வேண்டும். மே மாதம் போய்க் கேட்டால் அந்த ஆண்டின் பட்டியல் ஏற்கெனவே மூடியிருக்கும், ‘நிதி இல்லை’ என்ற பதில் அப்போது உண்மையாகவே இருக்கும். மே 1, ஆகஸ்ட் 15 கூட்டங்களைக் கணக்கு கேட்கவும், ஏற்றுக்கொண்ட வேலை எதுவரை வந்தது என்று கேட்கவும், சிறு பழுதுகளைச் சரிசெய்யச் சொல்லவும் வையுங்கள். புது வேலைக்கு அக்டோபரும் நவம்பரும்.

இனி மேசைகள். கிராம ஊராட்சி நேரடியாகச் செய்ய வேண்டியவை குடிநீர் வழங்கல், தெருவிளக்கு, வடிகால், ஊராட்சிச் சாலை, துப்புரவு, சுடுகாடு, இடுகாடு போன்றவை. சாலை ஊராட்சியுடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாமல் எழுதும் மனு மூன்று அலுவலகங்களையும் சுற்றிவிட்டு உங்களிடமே திரும்பி வரும். ஏரியிலும் இதே சிக்கல். 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் கையில். ஆக்கிரமிப்பை அளந்து காட்ட வேண்டியவர் வருவாய்த் துறை சர்வேயர். ரேஷன் கடை, அங்கன்வாடி, பேருந்து, மின்கம்பம் ஆகியவற்றுக்கு ஊராட்சி பரிந்துரைத் தீர்மானம் மட்டுமே போட முடியும். உத்தரவு போடும் அதிகாரம் வேறு துறைகளிடம் இருக்கிறது. பரிந்துரைத் தீர்மானமும் வீண் அல்ல. ஆனால் அதை உரிய துறைக்கு எடுத்துச் செல்லும் வேலை உங்களுடையது, ஊராட்சிச் செயலர் அதைச் செய்வார் என்று காத்திருந்தால் அது நோட்டிலேயே தூங்கும்.

வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குள் இன்னொரு நுணுக்கம். ஒரே கட்டடத்தில் இரண்டு பிடிஓக்கள் (வட்டார வளர்ச்சி அலுவலர்கள்) இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சி, மற்றவர் கிராம ஊராட்சி. உங்கள் ஊராட்சி விஷயம் எல்லாம் இரண்டாமவரிடம், ‘வட்டார வளர்ச்சி அலுவலர் (கி.ஊ)’ என்று முகவரி இட்டுப் போக வேண்டும். அவருக்கு மேல் மாவட்டத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்). மதிப்பீடு போடுபவர்கள் ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சீயரும். இந்த நாலைந்து பேரின் பதவிப் பெயரும் அறை எண்ணும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு அரசு நியமிக்கும் தனி அலுவலர்களிடம் போனது. தனி அலுவலர் காலத்தில் வார்டு உறுப்பினர் என்ற நடுவர் கிடையாது. பேச்சுவாக்கில் சொல்லி முடிக்க ஆளில்லை, எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவர் என்பதால், அளவோடும் படத்தோடும் வரும் கோரிக்கையே அவருக்கு உதவும்.

இப்போது ஒரு பிரச்சினையை எடுத்து, ஆறு வாரத்தில் அதை எப்படித் தீர்மானமாக்குவது என்று பார்ப்போம். ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை.’ கிராம சபையில் அதிகம் கேட்கும் குரல் இது. கேட்ட மாத்திரத்தில் மறக்கப்படுவதும் இதுவே, ஏனென்றால் இந்த ஒரு வரிக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு வேறு, மேசை வேறு.

ஒரு 20 லிட்டர் குடிநீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ஏற்கெனவே தெரிந்த பாத்திரம் அது, வாதத்துக்கு இடமில்லை. கைபேசியில் ஸ்டாப்வாட்ச். தண்ணீர் விடும் நாளில் அந்த வரிசையின் முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் கேன் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். தண்ணீர் வரத் தொடங்கிய நேரம், நின்ற நேரம் இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாள் அளவு போதாது. ஒருநாள் விட்டு ஒருநாள் விடும் ஊர் என்றால் குறைந்தது நான்கு முறை அளக்க வேண்டும். முதல் வீட்டில் கேன் 3 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 400 லிட்டர். கடைசி வீட்டில் 12 நிமிடம் ஆனால் மணிக்கு 100 லிட்டர். ஒன்றரை மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் முதல் வீட்டுக்கு 600, கடைசி வீட்டுக்கு 150. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், ஐந்து பேர் வீட்டுக்கு 275. இந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், ‘தண்ணீர் வரலை’ என்ற புலம்பல் ஓவர்சீயர் கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய கணக்காகிவிடுகிறது.

அடுத்தது காரணம். மூன்று வீட்டிலும் ஒரே மாதிரி குறைவாக வந்தால் கோளாறு மேலே இருக்கிறது: ஆழ்துளைக் கிணற்று மோட்டார், தொட்டி நிரம்பாதது, விடும் நேரம் போதாதது. டேங்க் ஆபரேட்டரோடு ஒருநாள் நில்லுங்கள். அவர் எதிரி அல்ல, ஊரில் அந்தக் குழாய்களின் வரைபடம் முழுதும் தலைக்குள் வைத்திருக்கும் ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். முதல் வீட்டில் நன்றாக வந்து கடைசியில் மட்டும் குறைந்தால் இடையில் உள்ள கேட் வால்வைப் பாருங்கள். வால்வின் தலையைத் திருப்பியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால், உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதையை மறித்துக் கிடக்கலாம். வெளியே பார்த்தால் வால்வு திறந்த மாதிரியே இருக்கும். பல ஆண்டுகள் ‘மேடான பகுதி, ஏறாது’ என்று சொல்லப்படும் தெருக்களில் இதையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

நடு வீடுகளில் யாராவது குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் கடைசி வீடு காயும். இதைக் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். தண்ணீர் விடும் நேரத்தில் அந்தத் தெருவுக்கு மின்தடை வந்த ஒரு நாளின் அளவையும், மின்சாரம் இருந்த நாளின் அளவையும் ஒப்பிடுங்கள். கரண்ட் இல்லாத நாளில் கடைசி வீட்டில் கேன் சீக்கிரம் நிரம்பினால் விடை கிடைத்துவிட்டது. (தொட்டி அதற்கு முன்பே நிரம்பியிருந்ததா என்பதை ஆபரேட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.) பெயர் சொல்லாமல் இந்த இரண்டு எண்ணை மட்டும் சபையில் வாசித்தால் போதும்.

காரணம் தெரிந்தவுடன் கோரிக்கையின் உருவமே மாறுகிறது. கேட் வால்வு மாற்றுவது ஊராட்சியின் பொது நிதியில் முடியும் சிறு பழுது, அதற்கு எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம். மோட்டார் வைத்து உறிஞ்சுவதைத் தடுப்பதற்குப் பணமே வேண்டாம், இணைப்பைத் துண்டிக்கும் எச்சரிக்கைத் தீர்மானம் வேண்டும். குழாய் வரிசையையே பெரிதாக்க வேண்டும் என்றால் மதிப்பீடும் வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரியும் வேண்டும். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது, அதனால் அந்தக் காலத்தில் தண்ணீர் வேலைக்கு வேறெதையும்விட வழி எளிதாக இருந்தது. புதிய மேல்நிலைத் தொட்டியே வேண்டும் என்றால் ஊராட்சியால் தாங்காது. மாநிலத் திட்டங்கள் அல்லது சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி பக்கம் போக வேண்டும். அப்போதும் கிராம சபைத் தீர்மானத்தின் நகல் முதல் தாளாக இருக்கட்டும்.

தண்ணீரின் தரம் பற்றியும் இதே முறையில் பேசலாம். தொட்டித் தண்ணீரில் கிருமி நீக்க 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறைக் கணக்கு. அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தெருக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் பெட்டியில் மருந்துச் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. ஊராட்சியில் அந்தப் பெட்டி இருக்கும். எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், உடன் நில்லுங்கள். பவுடர் மூட்டை பிரிந்து ஈரத்தில் கிடந்தால் வீரியம் போய்விடும். அளவு சரியாகப் போட்டும் மஞ்சள் தெரியாமல் போவதற்கு அது ஒரு காரணம்.

அளக்கும்போது உங்கள் தெருவை மட்டும் அளக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். ஒரு தெருவின் கோரிக்கை சபையில் எழுந்தவுடன் அது எந்தச் சாதிக்காரர் தெரு என்றுதான் பல ஊர்களில் முதலில் பார்க்கிறார்கள். காலனிக்கு ஒரு வரிசை, ஊர்த்தெருவுக்கு ஒரு வரிசை என்று எல்லா வரிசையின் கடைசி வீட்டையும் ஒரே கேனால், ஒரே படிவத்தில் அளந்து ஒரே தாளில் வையுங்கள். காலனிப் பிள்ளை ஒருவரும் ஊர்ப் பிள்ளை ஒருவரும் ஜோடியாகப் போகட்டும். பிறகு எந்த எண் மோசமோ அதுவே முன்னுரிமை என்று சபையில் ஒப்புக்கொள்ள வையுங்கள். முடிவு உங்கள் தெருவுக்குச் சாதகமாக வராமல் போகலாம். வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த முறை உங்கள் தாளை யாரும் ‘அவங்க ஆளுங்க கொடுத்தது’ என்று ஒதுக்க முடியாது.

அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஊராட்சியின் பணத்தையும் படியுங்கள். ஊராட்சிகளுக்கான ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் ஒப்புதல் பெற்ற வளர்ச்சித் திட்டத்தைப் பார்க்கலாம். உங்கள் தெருப் பெயர் அதில் ஏற்கெனவே ஒரு வேலையாக இருக்கவும் கூடும், அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. கிராம சபையில் வரவு செலவைப் படிவம் 30-இல் வைத்து ஒப்புதல் பெற வேண்டும், சுருக்கத்தைப் பிளக்ஸ் பேனரில் எழுதி வைக்கவும் வேண்டும். அந்தப் பேனரைப் படம் எடுத்து ஒவ்வொரு ஆண்டும் சேமித்து வையுங்கள். இரண்டு ஆண்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெருவிளக்குப் பராமரிப்புத் தொகை எப்படி ஏறியது என்று தெரியும். அதன் பிறகு கேட்கும் கேள்விக்கு எடை தானாக வரும்.

பேனரில் இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதில் 30 நாளில் வர வேண்டும் என்பதால், கிராம சபைக்கு ஆறு வாரம் முன்பே அனுப்புங்கள் (இந்த மடலின் தலைப்பில் உள்ள ஆறு வாரம் இதைக் கணக்கிட்டுத்தான்). இங்கே பலர் சறுக்குவது கேள்வியில். ‘ஏன் சாலை போடவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட தெருவில் நடந்த வேலையின் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பில் தொகை வழங்கிய சீட்டு. இந்த ஐந்தின் நகல் கைக்கு வந்தால், அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நீளத்தை டேப் பிடித்து நீங்களே அளக்கலாம். இந்தச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட உரிமை உண்டு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

இனி தீர்மானம். சபையின் பொருள் நிரலில் பெரும்பகுதி எல்லா ஊராட்சிக்கும் பொதுவாக மேலிருந்து வருகிறது: டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, திட்டங்களின் முன்னேற்றம். ஊர் விஷயம் கடைசியில் ‘இதர பொருள்’ என்ற தலைப்பில் வரும். அதற்குள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். அதனால் பத்து நாளுக்கு முன்பே உங்கள் கோரிக்கையை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கூட்ட அறிவிப்பு 7 நாள் முன்பு வர வேண்டும். அதற்கு முன் கொடுத்தால் ‘நிரல் முடிஞ்சிருச்சு தம்பி’ என்ற பதிலுக்கு இடமில்லை.

கோரிக்கையைத் தீர்மான வாசகமாகவே எழுதிக் கொடுங்கள். எழுத வேண்டியவருக்கு அது வசதி, வாசகம் நீர்த்துப்போகாமல் இருப்பது உங்களுக்கு வசதி. ஒரு மாதிரி: ‘4-ஆவது வார்டு கிழக்குத் தெருவின் கடைசி 14 வீடுகளுக்கு, இணைத்துள்ள அளவீட்டின்படி, நாளொன்றுக்கு 150 லிட்டர் மட்டுமே குடிநீர் கிடைப்பதால், மாரியம்மன் கோயில் முனையில் உள்ள பழுதான கேட் வால்வை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து 30 நாட்களுக்குள் மாற்றவும், மாற்றிய பின் எடுக்கப்படும் அளவீட்டை அடுத்த கிராம சபையில் வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.’ இடம், அளவு, வேலை, நிதி, கெடு, திரும்ப அறிக்கை எல்லாம் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ‘குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று எழுத முற்பட்டால் பணிவாக மறுத்து, உங்கள் வாசகத்தை எழுதச் சொல்லுங்கள். விவாதிக்கப்பட்டதை நிறைவேற்றச் சொல்லி யாரையும் கேட்க முடியாது.

கூட்டத்துக்குக் குறைவெண் (குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற எண்ணிக்கை) உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களும் நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்களும்தான். அவர்களிடம் முன்பே போகாத இளைஞர் மன்றம் சபையில் தனியாக நிற்கும். தண்ணீர் பிடிப்பவர்கள் அவர்கள். கேன் அளவீட்டை அவர்கள் வீட்டு வாசலில்தான் எடுக்கிறீர்கள், தாளில் முதல் கையெழுத்தும் அவர்களுடையதாக இருக்கட்டும். சபையில் பேசவும் அவர்களில் ஒருவரையே கேளுங்கள். எண்களை நீங்கள் வாசியுங்கள். பேச்சு இரண்டு நிமிடம் தாண்ட வேண்டாம்.

சபைக்கு ஒன்றியத்திலிருந்து, கூட்டத்தைக் கவனிக்கும் அலுவலரான பற்றாளர் ஒருவர் வருவார். அவர் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு, உங்கள் தாளின் ஒரு நகலை அவர் கையிலும் கொடுங்கள். வருகைக் கையெழுத்து முன்னதாகவே வாங்கப்படும், தீர்மானம் பின்னால் எழுதப்படும். இந்த இடைவெளியில்தான் பல தீர்மானங்கள் உருமாறுகின்றன. எனவே கலைவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் தீர்மானத்தின் எண்ணோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். படம் எடுக்க விடாவிட்டால் எண்ணை எழுதிக்கொண்டு, மறுநாளே தகவல் உரிமையில் அந்தப் பக்கத்தின் நகல் கேளுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் வளாகத்தில் சபையை நடத்தக் கூடாது என்பது விதி. ஊரில் யாராவது நுழையத் தயங்கும் இடமாக இருந்தால் அதையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள்.

பிறகு இரண்டு மாதம். 15-ஆவது நாள் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு பிடிஓ (கி.ஊ)-வுக்கு ஒரு பக்கக் கடிதம். 30-ஆவது நாள் நேரில். அதிலும் அசையாவிட்டால்தான் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளும், முதல்வருக்கு மனு அனுப்பும் ‘முதல்வரின் முகவரி’யும். முதலிலேயே அங்கே போனால் அந்த மனு சுற்றிவந்து இதே பிடிஓ மேசையில்தான் இறங்கும். ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று பதில் எழுதி முடித்துவிடுவார்கள். தீர்மான எண்ணும் இரண்டு கடித நகலும் இணைந்த மனுவுக்கு அப்படி எழுத இடம் குறைவு.

வீடியோ பற்றி எங்கள் கருத்து: எழுத்து ஆவணம் கையில் வந்த பிறகே போடுங்கள். முதலில் போட்டால் அலுவலர் தன்னைக் காத்துக்கொள்ளும் பதிலை எழுதத் தொடங்குவார், வேலை பின்னுக்குப் போகும். கெடு தாண்டிய தீர்மானத்தைக் காட்டும் படம் அப்படி அல்ல. சாலை மறியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் வழக்கு பதிவானால், அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பில் நீங்கள் அதைச் சொல்லியாக வேண்டும். அந்த முடிவு உங்களுடையது, ஆனால் தெரிந்து எடுங்கள். படிக்கிற ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் எல்லா மனுவிலும் முதல் கையெழுத்தாக வைக்காதீர்கள். மிரட்டலோ கெஞ்சலோ அந்த ஒரு வீட்டைத்தான் தேடிப் போகும்.

ஊராட்சியின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட பெரிய விஷயங்களிலும் தீர்மானத்துக்கு இடமுண்டு. மதுரை மேலூர் வட்டம் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. டிசம்பர் 9-இல் சட்டப்பேரவையும் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரை வரை நடந்தார்கள், 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைத் தீர்மானம் மட்டும் அதைச் செய்துவிடவில்லை. ஆனால் ஊர் என்ன சொன்னது என்பதற்குத் தேதியோடும் கையெழுத்தோடும் சான்று இருந்தது.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கு: உங்களுக்கு கிராம சபை கிடையாது, வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022-இல் விதிகள் வந்தன. மேலே சொன்ன அளவீடும் வாசகமும் தகவல் உரிமையும் அங்கேயும் அப்படியே பொருந்தும். 18 நிறையாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. வளர்ச்சித் திட்ட வழிகாட்டுதல்களிலேயே குழந்தைகள் சபை, மகளிர் சபை கூட்டிக் கருத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறது. பள்ளிக் கழிப்பறை, சுற்றுச்சுவர், பேருந்து நேரம் ஆகியவற்றை அங்கிருந்து தொடங்கலாம். படித்து முடித்த பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு.

கடைசியாகக் கோப்பு. இளைஞர் மன்றங்களின் வேலை பாதியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தோல்வி அல்ல, ஆள் ஊரை விட்டுப் போவது. வேலை கிடைத்து ஒருவர் ஓசூர் போவார், ஒருவர் திருமணமாகிப் போவார், மனு நகல் எல்லாம் அவர்கள் கைபேசியிலேயே இருக்கும். ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்குங்கள். தீர்மான எண், தேதி, யாரிடம் கொடுத்தது, என்ன பதில், அடுத்த தேதி என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு தாள் முதலில். பின்னால் நகல்கள், தேதி வரிசையில். இரண்டு செட் வையுங்கள்: ஒன்று ஊரிலேயே இருக்கும் சுயஉதவிக் குழு அக்கா ஒருவரிடம், மற்றொன்று பிளஸ் ஒன் படிக்கும் தம்பி அல்லது தங்கையிடம். ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தைய ஞாயிறு இருவரும் உட்கார்ந்து முதல் தாளைச் சரிபார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஊராட்சிப் பணியிலும் கிராம சபைப் பயிற்சியிலும் இருப்பவர்கள் சிலர்